எட்டு கோல் வாங்கியவன்

கோவில்பத்து, காரைக்கால்
13 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி செல்வின் எழுதுவது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு இடது கை மோதிர விரல் வீங்கியிருக்கிறது; கோல்கீப்பராகப் பிறந்தவனுக்கு அது ஒரு நோயே இல்லை. மலையில் குளிர் எப்படி? கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய சால்வையை நீ போர்த்துகிறாயா, இல்லை வழக்கம் போல வயதான சிஸ்டர் யாருக்காவது கொடுத்துவிட்டாயா?

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் முழுக்க உங்கள் மடத்துக்குக் கடிதம் போட்டாலும் கைக்குக் கிடைக்காது என்பதால் செய்தி நிறையச் சேர்ந்துவிட்டது. ஆனால் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை. எங்கள் கடலோரம் கிளப் இந்த சீசனில் ஆடிய ஒன்பதில் ஒன்றுதான் ஜெயித்திருக்கிறது. போன மூன்று ஞாயிற்றுக்கிழமையும் முறையே நான்கு, ஐந்து, ஆறு கோல் வாங்கினேன். வரிசையாக ஏறுகிறது, பார்த்தாயா?

உன் மடத்துத் தலைவி மதர்தான் முதலில் கடிதத்தைப் படிப்பார் என்பதால் அவருக்கும் விளங்கும்படி எழுதுகிறேன். லீக்கில் எட்டு கிளப். முதல் நான்கு இடத்தில் வருகிறவர்கள் பிளே-ஆஃபுக்குப் போவார்கள். அங்கே ஒரே எதிரியோடு இரண்டு ஆட்டம், ஒன்று அவர்கள் ஊரில், ஒன்று நம் ஊரில். இரண்டின் கோலையும் கூட்டி யார் அதிகமோ அவர்கள் மேலே போவார்கள். நாங்கள் ஏழாவது. ஆனால் எங்களுக்கு மேலே இருந்த இரண்டு கிளப்பை நடுவிலேயே கலைத்துவிட்டார்கள். அதனால் தானாகவே ஐந்தாவதாகிவிட்டோம். கோச் இதை எங்கள் உழைப்பின் பலன் என்கிறார்.

இந்த வருஷமும் மேலே போகவில்லை என்றால் கிளப்பை மூடிவிடுவார்கள். எனக்கு முப்பத்தொன்று ஆகிறது. இத்தனை கோல் வாங்கியவனை அதன்பிறகு யார் கூப்பிடுவார்கள்? இதை அப்பாவிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

மைதானத்துக்கு மண்டபத்தூர்ப் பையன்கள் மட்டும் தவறாமல் வருகிறார்கள். அவர்களும் என்னைத் திட்டத்தான் வருகிறார்கள்.

உன் ஜெபத்தில் எங்கள் டிஃபென்ஸையும் சேர்த்துக்கொள்.

உன் தம்பி,
செல்வின்

*

கார்மேல் மடம்
9 பிப்ரவரி 2025

மரியே வாழ்க

அன்புத் தம்பி செல்வினுக்கு,

அக்கா சலோமி எழுதுகிறேன். உன் விரலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டு ஒற்றடம் கொடு. நோய் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தால் வீக்கம் வடிந்துவிடாது. அப்பா இனிப்புச் சாப்பிடாமல் பார்த்துக்கொள். நான் நன்றாக இருக்கிறேன். சால்வையைப் பற்றிக் கேட்காதே.

உன் கடிதத்தை மதர் இரண்டு தடவை படித்தாராம். "பாவம், அந்தப் பையனுக்கு முன்னால் நிற்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஒரு செய்தி. புத்தாண்டிலிருந்து நவகன்னியருக்கு என்னைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த மூன்று பெண்கள். எப்படி ஜெபிப்பது, எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பயமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

மார்ச் ஐந்தாம் தேதி சாம்பல் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை கடிதம் கிடையாது. வருவதெல்லாம் மதரின் அலமாரியில் கிடக்கும். அதற்கு முன் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இந்தத் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் நீ ஒருசந்தி பிடிக்க வேண்டும். நம் அம்மா பிடித்த மாதிரி: பொழுது சாயும்வரை தண்ணீர் மட்டும், கோவிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்தபிறகு கஞ்சி. உன் ஆட்டமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதானே, வெள்ளிக்கிழமை வயிறு காய்ந்தால் ஒன்றும் குறையாது. உன் கிளப்புக்காக நானும் அதே நாளில் பிடிக்கிறேன். அம்மா இருந்திருந்தால் அவர்கள் கேட்டிருப்பார்கள். இப்போது நான் கேட்கிறேன்.

எனக்கு வாக்குக் கொடுத்து எழுது.

உன் அக்கா,
சலோமி

*

கோவில்பத்து
24 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது. அப்பா இனிப்பைத் தொடுவதில்லை, நான் பார்க்கும்போது. அங்கே எல்லாச் சிஸ்டர்களும் சுகம்தானே?

வாக்குக் கொடுத்துவிட்டேன், போதுமா? வெள்ளிக்கிழமை தோறும், அம்மா பிடித்த மாதிரி. எங்கள் டீமில் ஆபித் என்று ஒருத்தன், எனக்கு முன்னால் நிற்கிற ஸ்டாப்பர். சின்ன வயதிலிருந்து பழக்கம். மார்ச் பிறந்ததும் அவனுக்கு நோன்பு தொடங்குகிறது. "நான் முப்பது நாளு, நீ வெள்ளிக்கிழமை மட்டுமா?" என்று சிரிக்கிறான். கோச்சுக்கு அவன் நோன்பு தெரிந்தால் போதும், என்னுடையதும் தெரிய வேண்டாம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

கொடுத்த வாக்கை மாற்றினால் அம்மா கனவில் வந்து காதைத் திருகுவார்கள். அந்தப் பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

உன் தம்பி,
செல்வின்

*

கார்மேல் மடம்
3 மார்ச் 2025

மரியே வாழ்க

அன்புத் தம்பிக்கு,

உன் வாக்கு வந்து சேர்ந்தது. நாளை மறுநாள் கதவைச் சாத்திவிடுவார்கள், அதனால் இரண்டே வரி. உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவின் மாத்திரையைப் பார்த்துக்கொள். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

உயிர்ப்பு ஞாயிறு அன்று உன் வெற்றிச் செய்தியைப் படிக்கக் காத்திருப்பேன்.

அக்கா

*

விடுதி அறை, கோழிக்கோடு
5 ஏப்ரல் 2025

அக்கா,

இந்தக் கடிதம் ஈஸ்டர் வரை அலமாரியில் கிடக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை.

முதலில் நல்லது. ஒருசந்தி பிடிக்க ஆரம்பித்ததிலிருந்து நாங்கள் தோற்கவே இல்லை. கடைசி இரண்டு ஞாயிறும் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். நான்காவது இடம். பிளே-ஆஃப். அப்பா தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார், தானும் ஒன்று சாப்பிட்டார். இது உன் ஒருசந்தியால் வந்தது என்று நான் முழுசாக நம்பிவிட்டேன்.

பிறகு அட்டவணை வந்தது. பிளே-ஆஃப் இரண்டும் வெள்ளிக்கிழமை. முதல் ஆட்டம் நேற்று இங்கே, இரண்டாவது வருகிற பதினொன்றாம் தேதி காரைக்காலில்.

உன்னிடம் கேட்க வழியில்லை. உங்கள் அலுவலகத்தில் ஒரு போன் இருக்கிறது, சாவுக்கும் ஆபரேஷனுக்கும் மட்டும். சோறு சாப்பிடலாமா என்று கேட்க அதில் கூப்பிட முடியுமா? ஆபித் நல்ல பையன். பெருநாள் முடிந்துவிட்டது, அவனுக்கு இப்போது நோன்பு இல்லை. அவன் சொன்னான், "எங்களுக்குப் பயணத்துல விட்டுடலாம்டா, அப்பறம் ஒரு நாள் புடிச்சு அடைச்சுக்கலாம். ஒங்களுக்கு அப்படி இல்லையா? ஒங்க சாமியாரைக் கேளேன்." பங்குச்சாமியைக் கேட்டால் தின்னுடா என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் நான் வாக்குக் கொடுத்தது அவருக்கு இல்லையே. அதோடு, ஜெயித்துக்கொண்டிருக்கும்போது விட்டுவிட்டால் எல்லாம் போய்விடும் என்று ஒரு பயம். காலைச் சாப்பாட்டைப் பக்கத்துத் தட்டில் தள்ளிவிட்டேன். மதியம் வயிறு சரியில்லை என்றேன்.

நான்கு மணி வெயில். முதல் பாதியில் ஒரு கோல். அது யாருக்கும் விழும். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கால் என் சொல்லைக் கேட்கவில்லை. பந்து வருவது தெரிகிறது, எங்கே வரும் என்றும் தெரிகிறது. குதி என்று சொல்கிறேன், உடம்பு யோசிக்கிறது. ஒன்று கைக்கு நேராக வந்து நழுவிப் போனது. ஆறு கோல், அக்கா. மொத்தம் ஏழு. அவர்கள் கோல்கீப்பர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கலாம்.

ஆட்டம் முடிந்து நெட்டுக்குள்ளிருந்து பந்தை நானே எடுத்துப் பந்து பொறுக்கும் பையனிடம் கொடுத்தேன். அந்தப் பையன் நன்றி என்றான்.

பஸ்ஸில் எல்லோரும் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஆபித் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்தை உரித்து நீட்டினான். பொழுது சாய்ந்திருந்தது, வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி நம் ஊரில், நம் ஆட்கள் முன்னால். அன்று நான் நிற்பதா வேண்டாமா என்றே தெரியவில்லை. நின்றால் சாப்பிட்டுவிட்டு நிற்பதா, வாக்கோடு நிற்பதா? நீ பதில் சொல்ல முடியாத நேரத்தில் கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

செல்வின்

*

கார்மேல் மடம்
21 ஏப்ரல் 2025

மரியே வாழ்க

என் அன்புத் தம்பிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும். அப்பா எப்படி இருக்கிறார், நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கமாகக் கேட்பதை இன்று நிஜமாகவே கேட்கிறேன்.

நேற்றுப் பூசை முடிந்ததும் மதர் கடிதக் கட்டைப் பிரித்துக் கொடுத்தார். உன் கடிதத்தைக் கொடுக்கும்போது அவர் சிரிக்கவில்லை. தோட்டத்துக்குப் போய்ப் படித்தேன். எல்லோரும் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

செல்வின், உடல் உழைப்பு உள்ளவர்களுக்கு ஒருசந்தி கடமையே இல்லை. திருச்சபையே அப்படித்தான் சொல்கிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன், ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒரே நினைப்பில். அதற்கு மேல் அம்மாவின் பெயரையும் சேர்த்துக் கேட்டேன். நீ மறுக்க முடியாதபடி கேட்டேன்.

உன் வாக்கிலிருந்து உன்னை விடுவிக்கிறேன். இதைப் பத்து நாளைக்கு முன் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் உன் கேள்வி எனக்கு நாலு அறை தள்ளி ஒரு அலமாரியில் இருந்திருக்கிறது.

பதினொன்றாம் தேதி என்ன ஆயிற்று? நின்றாயா? சாப்பிட்டாயா? எத்தனை கோல்? இங்கே எனக்குச் சொல்ல யாரும் இல்லை. நீதான் சொல்ல வேண்டும்.

உன் அக்கா,
சலோமி

*

கார்மேல் மடம்
26 மே 2025

மரியே வாழ்க

அன்புத் தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று, வெளிவேலைக்கு வரும் குஞ்சம்மாவிடம் சொல்லி உங்கள் பங்கு அலுவலகத்தில் போனில் விசாரிக்கச் சொன்னேன். இருவரும் ஞாயிறு பூசைக்கு வருகிறீர்கள் என்று பதில் வந்தது. ஆக, எழுத முடியாமல் இல்லை, எழுதாமல் இருக்கிறாய்.

நீ எழுதாததிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். இரண்டாம் ஆட்டத்திலும் பட்டினியோடு நின்றிருக்கிறாய்.

ஜெபத்தில் உட்கார்ந்தால் கண்ணை மூட முடியவில்லை. நீ நெட்டுக்குள்ளிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பது தெரிகிறது. நான் அந்த மைதானத்தைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் தெரிகிறது.

போன வாரம் நவகன்னி ஒருத்தி என்னிடம் வந்து, வீட்டில் ஒரு கஷ்டம், ஒருசந்தி பிடிக்கட்டுமா சிஸ்டர் என்று கேட்டாள். பிடி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். இன்னொருத்தரைப் பட்டினி கிடக்கச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இந்தப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று மதரிடம் சொல்லிவிட்டேன். ஜூலை பதினாறு கார்மேல் மாதா திருநாள் வரை யோசி என்றார். அதுவரைதான்.

கோபம் என்றால் கோபத்தையாவது எழுது.

சலோமி

*

கோவில்பத்து
8 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். அப்பா நன்றாக இருக்கிறார். நானும் நன்றாக இருக்கிறேன், விரல் உட்பட. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? உன் கடிதத்தைப் பார்த்தால் சாப்பிடுகிறவள் எழுதியது மாதிரி தெரியவில்லை.

எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை, வெட்கத்தால். இப்போது கேள்.

பதினொன்றாம் தேதி நான் சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன். காலையில் இட்லி, மதியம் சோறும் வஞ்சிரம் மீன் குழம்பும். வெள்ளிக்கிழமை அதுவும் தவக்காலத்தில் வஞ்சிரமா என்று நீ கேட்பாய். ஆபித் வீட்டிலிருந்து வந்தது, மீன்தானே, கறி இல்லையே.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நின்று எட்டு கோல் வாங்கினேன்.

ஏழு இல்லை, எட்டு. நம் ஊரில், நம் ஆட்கள் முன்னால். மூன்றாவது என் இரண்டு காலுக்கு நடுவே போனது. ஐந்தாவது ஆபித்தின் முதுகில் பட்டு உள்ளே போனது, அவன் இன்னும் அதற்கு வருந்துகிறான். மற்றதெல்லாம் எப்படி விழுந்தது என்று ஞாபகம் இல்லை. மண்டபத்தூர்ப் பையன்கள் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே அக்கா, கணக்கு எளிது. பட்டினி கிடந்து ஏழு, சாப்பிட்டு எட்டு. உன் ஒருசந்தி எங்களைத் தோற்கடிக்கவும் இல்லை, வஞ்சிரம் எங்களைக் காப்பாற்றவும் இல்லை. நாங்கள் அவ்வளவுதான். நான்காவது இடத்துக்கு வந்ததே இரண்டு கிளப் கலைந்ததால். எங்களைவிட நல்ல டீம் எங்களை அடித்தது. இதில் உனக்கு ஒரு பங்கும் இல்லை. கோழிக்கோட்டிலிருந்து ஏதேதோ எழுதிவிட்டேன், தோற்றவன் பேச்சை யாராவது அப்படியே எடுத்துக்கொள்வார்களா?

அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல். மதரிடம் போய் யோசித்துவிட்டேன் என்று சொல். பொறுப்பை நீ விட்டால் அதுதான் எனக்குப் பாரம்.

கடலோரம் கிளப்பை மூடிவிட்டார்கள். ஆனால் கொல்கத்தாவில் ஒரு கிளப் கூப்பிட்டிருக்கிறது. அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஜூலை கடைசியில் ரயில் ஏறுகிறேன்.

உன் தம்பி,
செல்வின்

*

கார்மேல் மடம்
19 ஜூன் 2025

மரியே வாழ்க

அன்புத் தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். நேற்று இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினேன், சமையல்கட்டுச் சிஸ்டர் ஆச்சரியப்பட்டார். நீங்கள் இருவரும் சுகம் என்று எழுதியதில் ஒரு பாரம் இறங்கியது, எட்டு என்று எழுதியதில் இன்னொரு பாரம் இறங்கியது. தம்பி எட்டு கோல் வாங்கியதைப் படித்து அக்கா நிம்மதி அடைந்தாள் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மதரிடம் போனேன். "அந்த எட்டையும் படித்தேன்" என்றார். ஆனாலும் திருநாள் கழித்தே முடிவு கேட்பாராம்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. இரண்டு ஆட்டத்தில் பதினைந்து கோல் வாங்கியவனைக் கொல்கத்தாவிலிருந்து கூப்பிடுகிறார்களா? அந்த ஊரில் கோல்கீப்பருக்கு அவ்வளவு பஞ்சமா?

அங்கே மழை அதிகம். குடை வாங்கிக்கொள்.

உன் அக்கா,
சலோமி

*

கோவில்பத்து, காரைக்கால்
7 ஜூலை 2025

அன்பு மகள் சிஸ்டர் சலோமி அவர்களுக்கு,

அப்பா மரியமுத்து எழுதுவது. கார்மேல் மாதா திருநாள் வாழ்த்துகள். சர்க்கரை நூற்று நாற்பதில் இருக்கிறது. நீங்கள் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்கிறேன்.

எனக்குக் கோர்வையாக எழுத வராது, அதனால்தான் இத்தனை நாள் தம்பியையே எழுதச் சொல்லிவிட்டேன். வருகிற மாங்கனித் திருவிழாவுக்குத் தெருவெல்லாம் பந்தல் போட்டுக் கிடக்கிறது. இந்தச் சத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி கொல்கத்தா போகப்போகிறான். எல்லாம் அந்த ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்தால் வந்தது. உங்களுக்கு அவன் எழுதியிருப்பான். ஆனால் தன் பெருமையைத் தானே எழுதுகிறவன் இல்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

கோழிக்கோட்டில் ஏழு வாங்கிக்கொண்டு வந்தான். ஆபித் வந்து, இவன் ஒருசந்தியோடு நின்றதையும் உங்களுக்குக் கொடுத்த வாக்கையும் என்னிடம் சொன்னான். எனக்கு அதுவரை தெரியாது. பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளி இங்கே ஆட்டம். அன்று காலையிலும் இவன் தட்டைத் தள்ளினான். நான் சொன்னேன், "அவளுக்கு வாக்குக் குடுத்தது இந்த வீடு. இந்த வீட்டுல யாரு புடிச்சா என்ன? ஒன் ஒருசந்திய நான் புடிக்கிறேன். நீ சாப்புடு." அவன் மாட்டேன் என்றான். சர்க்கரைக்காரர் பட்டினி கிடக்கக் கூடாது என்றான். நான் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். சாப்பிட்டான்.

அம்மா, அன்றைக்கு அவன் நின்ற நிற்பை இன்னும் ஊர் பேசுகிறது. ஒரு கோல்கூட விடவில்லை. எங்கள் ஆட்களும் போடவில்லை, அது வேறு. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ஒரு பெனால்டியைத் தடுத்தான். கடைசியில் கார்னர் மேல் கார்னர் வந்தது, எல்லாவற்றையும் எடுத்தான். திட்ட வந்த மண்டபத்தூர்ப் பையன்கள் வேலிக்குப் பின்னால் இவன் கோலுக்கு நேராக வந்து நின்றார்கள். பாதியில் இவன் அந்தப் பக்கக் கோலுக்கு மாறியதும் அவர்களும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். ஏழு கோல் முன்னிலை இருந்ததால் அவர்கள் பெரிய ஆட்டக்காரர் பாதிப்பேரை உட்கார வைத்துவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கொல்கத்தாக்காரர் ஒருவர் அதைப் பார்த்துத்தான் இவனைக் கேட்டார்.

மொத்தக் கணக்கில் ஏழு கோல் வித்தியாசத்தில் வெளியே போய்விட்டோம், கிளப்பும் போய்விட்டது. ஆட்டம் முடிந்து இவன் நேராக என்னிடம் வந்தான். எல்லோரும் கை கொடுக்க வந்தார்கள், யாரையும் பார்க்கவில்லை. "நீங்க எப்பப்பா சாப்புடுவீங்க?" என்றுதான் கேட்டான்.

எனக்குக் கொஞ்சம் மயக்கம் வந்தது, ஆபித் வீட்டில் மோர் கொடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

பேப்பரில் வந்த படத்தை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் அவனைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. தாடி வைத்திருக்கிறான், அதனால் அடையாளம் தெரியாமல் போகலாம்.

அன்புள்ள அப்பா,
மரியமுத்து

*

கார்மேல் மடம்
17 ஜூலை 2025

மரியே வாழ்க

என் அன்புத் தம்பிக்கு,

ரயில் ஏறும் முன் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று திருநாள் முடிந்த மறுநாளே எழுதுகிறேன். நான் சுகம். நீ போனபிறகு அப்பா தனியாக இருப்பார். ஆபித்திடம் வாரம் ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லிவிட்டுப் போ. மாத்திரை வேளை தவறக் கூடாது. அவர் இனி யாருக்காகவும் ஒருசந்தி பிடிக்கக் கூடாது என்று அக்கா உத்தரவு போட்டிருக்கிறாள் என்று சொல். சிஸ்டர் சொன்னார் என்று சொன்னால் கேட்பார்.

நேற்று மதர் முடிவு கேட்டார். பொறுப்பை வைத்துக்கொள்கிறேன் என்றேன். போன மாதம் சொல்லியிருந்தால் என் மேல் தப்பில்லை என்பதால் சொல்லியிருப்பேன். நேற்று அப்படிச் சொல்லவில்லை. தப்பு இருக்கிறது, தெரிந்துகொண்டேன், அதனால் வைத்துக்கொள்கிறேன் என்றேன். மதர் தலையை ஆட்டினார்.

அந்த நவகன்னியையும் கூப்பிட்டுப் பேசினேன். இப்போதெல்லாம் யாராவது ஒருசந்தி பிடிக்கட்டுமா என்று கேட்டால், அன்றைக்கு உனக்கு என்ன வேலை என்று முதலில் கேட்கிறேன். அவளுக்குத் துணி துவைக்கிற முறை. வேண்டாம், உனக்குப் பதில் நான் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒருவர் வாக்கை இன்னொருவர் பிடிக்கலாமா சிஸ்டர் என்று கேட்டாள். எங்கள் வீட்டில் பிடிப்போம் என்றேன்.

நீ எட்டு என்று எழுதியதை எண்ணிப் பார்க்காமல் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன். எனக்கு யாரும் அவ்வளவு பெரியதாக ஒன்றைக் கொடுத்ததில்லை, செல்வின்.

மதரிடம் அனுமதி கேட்டு என் ஜெபப் புத்தகத்தில் ஒரு படம் வைத்திருக்கிறேன். ஒரு கோல்கீப்பர். தாடி வைத்திருக்கிறான். கால் இரண்டும் தரையில் இல்லை, பந்து இரண்டு கைக்குள்ளும் இருக்கிறது. வேலிக்குப் பின்னால் பையன்கள் வாயைத் திறந்தபடி நிற்கிறார்கள். நவகன்னியர் மூவரும் எட்டிப் பார்த்து இது யார் சிஸ்டர் என்று கேட்டார்கள். நீ எழுதியிருந்தபடியே சொன்னேன், என் தம்பி, அன்றைக்கு எட்டு கோல் வாங்கினான் என்று.

மூன்று பேரும் நம்பவில்லை.

குடையை மறக்காதே. திருவருகைக் காலத்துக்கு முன் கொல்கத்தாவிலிருந்து ஒரு கடிதமாவது போடு. எத்தனை வாங்கினாலும் எழுது.

உன் அக்கா,
சலோமி